சத்தமில்லாமல் எழுந்தவர்

கம்பெனி வக்கீலம்மா வருஷா வருஷம் எடுக்கும் வகுப்பு பெயின்ட் கம்பெனியின் விற்பனை மேலாளருக்கு அத்துப்படி. போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பது குற்றம். பெயின்ட் தயாரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஆட்சேபம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். "நைஸா நழுவக் கூடாது. நாற்காலியைத் தள்ளுங்க, தண்ணியைக் கொட்டுங்க. நீங்க போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும்" என்பார் அந்த அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள். மேலாளரும் சிரித்திருக்கிறார்.

அன்றைய கூட்டத்தில் பேச்சை எடுத்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். போட்டிக் கம்பெனியில் அதே பதவி. அடுத்த மாதம் முதல் எல்லாரும் ஒரே விலைக்கு வந்துவிடலாமே என்று டீ கப்பைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். பத்துப் பேர் நடுவில் மச்சான் முகத்தில் அடித்தாற்போல் நாற்காலியைத் தள்ள மேலாளருக்கு மனம் வரவில்லை. பாழாய்ப்போன மரியாதை தடுத்தது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறினார். வக்கீலம்மாவிடமும் மூச்சு விடவில்லை.

எட்டு மாதம் கழித்து, கூடிப் பேசி விலை வைத்ததாக அரசு விசாரணை வந்தது. வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. போன நேரம் இல்லை. மூலப்பொருள் செலவு கூடியதால் அவருடைய கம்பெனியும் மற்றவர்கள் ஏற்றிய அதே மாதம் விலையை ஏற்றித் தொலைத்திருந்தது. கூட்டத்தில் இருந்தவர்களில் கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் அவர் எழுந்து போன ஞாபகம் இல்லை. வக்கீலம்மா திட்டவில்லை. பார்த்த சாட்சி ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேலையும் போகும், கம்பெனியும் மாட்டும் என்றார்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் தன் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணனிடம் நான் கேட்கட்டுமா என்று மனைவி அழுதாள். மேலாளர் வேண்டாம் என்றுவிட்டார். கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

யாரும் கேட்காமலே மச்சான் விசாரணை அறையில் சொன்னார்: "பேச்சை எடுத்தது நான்தான். எடுத்ததுமே மாப்பிள்ளை எழுந்து போயிட்டாரு. போனைத் தலைகீழா காதுல வச்சிருந்தாரு." அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கோபமும் படவில்லை.

"அன்னைக்கே சத்தம் போட்டிருக்கலாமே, மாப்பிள்ளை" என்றார். "நானும் அதோட நிறுத்தியிருப்பேன்."