சூட்டைக் கண்டால் தண்ணீர்

என் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிரிவு. கொதிகலனுக்கு அடியில் கொட்டுகிற நெருப்புச் சாம்பலைக் குழாய்த் தண்ணீரால் அணைக்கிற வேலை. பத்தொன்பது வருஷம். அங்கே ஒரே சட்டம்தான்: சூட்டைக் கண்டால் தண்ணீர். யோசித்துக்கொண்டு நின்றால் கால் வெந்துவிடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. நான் கோபத்தில் கத்த ஆரம்பித்தால் மறுபேச்சு பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் திணித்துவிடுவார். வாங்கிக் குடித்துவிட்டு எப்படித் திட்டுவது? எங்கள் சண்டைகள் எல்லாம் அரைகுறையாகவே நின்றுபோனவை.

நிலக்கரி வேண்டாம், வெயில் போதும் என்று மேலே முடிவு செய்து நிலையத்தை மூடினார்கள். நல்லதுதான், இனி என் கொடித் துணியில் கரி படியாது. துணி வாங்கத்தான் வழியில்லை. சாம்பல் குட்டைக்குப் பக்கத்து மேட்டில் சூரிய மின்தகடுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். எண்ணூறு பேர் வேலை செய்த ஊரில் இனி பதினாறு பேர் போதுமாம். பதினைந்து இடம் நிரம்பிவிட்டது.

குடியிருப்பையும் புதுக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்தக் கடைசி வேலை கிடைத்தால் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஏற்கெனவே ஏழு வீடுகளில் பூட்டு தொங்குகிறது.

போட்டிக்கு மிஞ்சியது இரண்டு பேர், இவரும் பக்கத்து வீட்டுக் கிரேன் டிரைவரும். ஒரு நாள் நடுப்பகலில் கம்பெனியின் என்ஜினீயர் பெண் முன்னால் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். டிரைவர் பெண்டாட்டியும் நானும் வேலிக்கு வெளியே நின்றோம். அக்கா, அக்கா என்று தினமும் அவள் பின்னால் சுற்றுகிறவள் நான். அன்றைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

ஆளுக்கு ஒரு வரிசை. இணைப்புகளைச் சரிபார்த்து, தகடுகளைத் துணியால் துடைக்க வேண்டும். இவர்தான் முதலில் முடித்தார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பிறகு புறங்கையால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். காலடியில் ரப்பர் குழாய் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நானும் சாம்பல்காரர் பெண்டாட்டிதானே. என்ஜினீயர் பெண் கவனித்துக்கொண்டிருக்கிறாள், சொல்லாத வேலையையும் செய்தால் நல்ல பேர் கிடைக்கும் என்று என் அதிபுத்தி சொன்னது. ஊற்றுங்கள் என்று கையால் சைகை காட்டினேன்.

ஊற்றினார். பட்டென்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. வெயிலில் கொதித்துக் கிடந்த கண்ணாடி, பச்சைத் தண்ணீர் பட்டதும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விரிசல் விட்டது.

என்ஜினீயர் பெண் ஓடி வந்தாள். "என்ன சார் பண்ணிட்டீங்க! விடியறதுக்கு முன்னாடிதான் இதுல தண்ணி விடணும். யாரு ஊத்தச் சொன்னா?"

நான்தான் என்று கத்தியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றேன்.

"யாரும் சொல்லல மேடம். கை தானா போயிடுச்சு," என்றார்.

"விடும்மா, நடக்கறதுதான்," என்று அக்கா என் தோளைத் தொட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் ஒளிய இடமில்லாமல் தவித்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டுக்குள் வந்ததும் கத்தினேன். கம்பெனியை, வெயிலை, அந்தப் பெண்ணை, கடைசியில் அவரையும் திட்டித் தீர்த்தேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன். அவர் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். என் எதிரே நின்றார். கை நீளவில்லை.

"தரட்டுமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை.