ஜமீன்தாருக்குச் சாப்பாடு

வாளியின் மூடியைத் திறந்ததுமே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நேற்றுவரை லேசான பாசி வாசனைதான் அடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அழுகிய முட்டை நாற்றம். டார்ச்சை வாளியின் பக்கவாட்டில் வைத்து அடித்துப் பார்த்தாள். வழக்கமாக வெளிச்சம் விழுந்த இடத்துக்குத் தூசி தூசியாக வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டு வந்து மொய்க்கும். ஒன்றையும் காணோம். அடியில் மாவு சிந்தியதுபோல ஒரு வெள்ளைப் படலம் மட்டும் படிந்திருந்தது. இரண்டாவது வாளிக்கும் அதே கதி. "போச்சு, எல்லாம் போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னவள், சீருடையைக்கூட மாற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன. கண் மருத்துவமனையில், டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்மணி விரிவதற்காகச் சொட்டு மருந்து விடுகிற வேலை அவளுக்கு. வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய், இமையை இழுத்து, சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கடைசி ஆளுக்கு விட்டு முடிக்கும்போது முதல் ஆள் "இன்னும் மங்கலா தெரியலையேம்மா" என்பார். திரும்பவும் முதலிலிருந்து. சாயங்காலம் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அவளுக்கு யோகம். வீட்டுக்கு வந்தால் இந்த வாளிகள்.

இத்தனைக்கும் இந்த வாளிகள் அவள் வேலை இல்லை. அவள் கணவருடையது. அவர் நாலைந்து நாளாகக் காய்ச்சலில் சுருண்டு படுத்துக்கிடந்ததால் அவள் தலையில் வந்து விழுந்தது. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பவளப் பாறை, நாலைந்து மீன்கள். அதில் ஒரே ஒரு மீனுக்காகத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமும். விரல் நீளம்தான் இருக்கும். நீலப் பட்டில் ஆரஞ்சு ஜரிகை போட்டதுபோல உடம்பு. கடைக்காரர் மாண்டரின் என்று ஏதோ பெயர் சொன்னார். அவள் வைத்த பெயர் ஜமீன்தார். ஏனென்றால் உயிரோடு நெளிகிறதைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. செத்தது ஆகாது, காய்ந்தது ஆகாது, ஐஸில் உறைந்தது ஆகவே ஆகாது. மற்ற மீன்கள் போட்டதைத் தின்றுவிட்டுப் போகும். இது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக வாளியில் துள்ளுகிற அந்த வெள்ளைக் கடல் பூச்சிகளை வளர்க்க வேண்டும். பூச்சிகள் தின்பதற்குப் பாட்டில் பாட்டிலாகப் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் வளர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு விளக்கு, காற்றுக் குழாய், உரம். ஜமீன்தாருக்கு ஒரு பண்ணை, பண்ணைக்கு ஒரு தோட்டம் என்று பின்பக்க அறை முழுவதும் அவருடைய சொத்துதான்.

அதனால் அவள் கணவரால் வீட்டை விட்டு அசைய முடியாது. அவள் தனியாகத்தான் போய் வருவாள். அக்கா வீட்டு விசேஷம், அத்தை மகன் வீட்டுத் துக்கம், எதுவாக இருந்தாலும் தனியாகத்தான். "ஏன் அவர் வரல?" என்று யார் கேட்டாலும் "உயிரோட சாப்பாடு போடணும், ரெண்டு நாள் விட்டா செத்துடும்" என்று சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது. கேட்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வதும் அவளுக்குத் தெரியும். சில பேர் அடக்கிக்கொள்வதில்லை.

இப்போது அப்பாவுக்கு முடியவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறார். காலையில் அக்கா போனில் பிடித்துக் காய்ச்சிவிட்டாள்.

"டாக்டர் கைய விரிச்சுட்டாருடி. மாப்பிள்ளையப் பாக்கணும், மாப்பிள்ளையப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இந்தத் தடவ ரெண்டு பேரும் வர்றீங்க. மீனு கீனுன்னு ஆரம்பிச்ச, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வந்துரும்."

அவள் போய்க் கணவரிடம் சொன்னாள். காய்ச்சல் விட்டிருந்தது, முகம் மட்டும் ஒட்டிப்போய்க் கிடந்தது. வெந்நீர் டம்ளரைக் கைகளுக்கு நடுவில் உருட்டினார்.

"நான் வந்தா அது பட்டினி கெடந்து செத்துடும். நீ போயிட்டு வா. மாமாகிட்ட எடுத்துச் சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்லா இருக்கே நியாயம் என்று நினைத்தாளே தவிர, சண்டை போடத் தெம்பில்லை. வேலைக்குப் போகிற பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே அவள் சுற்றிலும் பார்த்தாள். பாத்திரம் கழுவும் மேடையில் வடிகட்டியும் கிண்ணங்களும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது. வேறு யாரும் இல்லை, அவளேதான். மருத்துவமனையில் ஒவ்வொரு சாமானும் சோப்புத் தண்ணீரில் ஊறித்தான் அடுத்த ஆளிடம் போகும். கை தானாகச் செய்கிற வேலை அது. நேற்றும் முந்தாநாளும் இந்த வடிகட்டியையும் அப்படியே ஊறவைத்து, அரைகுறையாக அலசி, வாளிக்குள் விட்டிருக்கிறாள். "என்ன வேணா பண்ணு, சோப்பு மட்டும் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது" என்று அவர் காய்ச்சல் உளறலில்கூடச் சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சுத்தமாக இருக்கட்டுமே என்று செய்த காரியம் இது. தலையில் அடித்துக்கொண்டாள். புதிதாக ஒரு வாளி தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஜமீன்தார் தாங்காது.

செத்துத் தொலையட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. செத்துவிட்டால் அவருக்குச் சொல்ல ஒரு சாக்கும் இருக்காது. ரெண்டு பேருமாகப் பை தூக்கிக்கொண்டு பேருந்து ஏறலாம். அப்பாவின் கட்டிலருகே அவர் போய் உட்காரலாம். இதை நினைத்ததும் அவளுக்கே பகீரென்றது. விரல் நீள உயிர், அது என்ன பாவம் செய்தது?

எழுந்து போய் உறைபெட்டியைத் திறந்தாள். மற்ற மீன்களுக்காக வாங்கிய உறைந்த இறால் துண்டுகள் இருந்தன. ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். தின்னாது என்று தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. நீளமான கண்ணாடிச் சொட்டுக்குழாயில் இழுத்துக்கொண்டு கூடத்துத் தொட்டியருகே வந்தாள். தொட்டியின் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கிடந்தது. நத்தைக்கு என்று அவர் எப்போதோ சொன்ன ஞாபகம். மற்ற மீன்கள் பிடுங்காமல் இருக்கட்டும் என்று குழாயை அங்கேதான் இறக்கினாள்.

அவள் இன்னும் அமுக்கவே இல்லை. பாறைச் சந்திலிருந்து ஜமீன்தார் கிளம்பியது. அவசரமே படாமல் தரையோடு தரையாக நடந்து வந்து, குப்பிக்குள் ஏறி, குழாயின் வாயருகே நின்றுகொண்டது. அவள் அமுக்கினாள். சிவப்பாக நாலு துணுக்குகள் இறங்கின. செத்துப்போன, உறைந்து கரைந்த துணுக்குகள். அது ஒவ்வொன்றாகக் கொத்தியது. டப். டப். கொத்திவிட்டு இன்னும் வரட்டும் என்று காத்திருந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, பிழைத்துக்கொண்டது! அடுத்த சொட்டை விடும்போதுதான் சந்தோஷம் மெல்ல வடிந்தது. இது இன்றைக்குப் பழகிய பழக்கமா? குழாயைக் கண்டதும் வருகிறது, குப்பிக்குள் ஏறுகிறது. ஒரு பச்சைப் பிள்ளைக்கு ஸ்பூனால் ஊட்டிப் பழக்குகிற மாதிரி, யாரோ நாள் கணக்காக உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள். உறைந்த இறால் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று அவளும் ஒரு தடவை கேட்டாள். மற்ற மீன்கள் பெருத்துவிட்டன என்றார். நம்பினாள்.

பின்னால் போர்வை இழுபடும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாயைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று அவள் கேட்டாள்.

"போன வருஷம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கெளம்பணுமே."

கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு வேண்டிய மூச்சுக்கூட அவளிடம் இல்லை. அக்கா வீட்டு விசேஷம் ஒன்றில் நடந்தது அவளுக்கு நினைவில் இருந்தது. அவர் மேற்பார்வை பார்த்த அச்சகத்தை மூடி கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் அக்கா வீட்டுக்காரர், "சகலைக்கு இப்ப சமையல் வேலை, மீனுக்கு!" என்று ஒரு போடு போட்டார். கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள், நகைச்சுவை என்றுதான் அப்போது பட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கும் வரவில்லை. மீனால்தான் வரவில்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொன்ன காலத்தில் பாதி அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

"அன்னிக்கு உங்கக்கா வீட்டுல எல்லாரும் எதாவது கேட்டாங்க. மாமா மட்டும் ஒரு தடவகூட வேலை என்னாச்சுன்னு கேக்கல" என்றார். "கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கேக்காம, தட்டுல இன்னொரு கரண்டி வச்சாரு. அததான் தாங்க முடியல."

"அப்ப அந்த வாளி, பாட்டிலு... அதையெல்லாம் எதுக்கு இத்தன நாளா கட்டிக்கிட்டு அழுதீங்க? அதான் தேவையே இல்லையே."

அவர் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தார்.

"காலைல எந்திரிச்சா ஏதாவது இருக்கணும்ல."

அவளுக்குக் கோபம் போய்விடவில்லை, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. எத்தனை பேருந்தில் தனியாக, மடியில் பையை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் யாரோ தூங்கி விழ, விடிய விடியப் போயிருக்கிறாள்! பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டன என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேசையில் கிடந்த போன் அடித்தது. அக்கா.

எடுத்தாள். அக்கா அவளைப் பேசவே விடவில்லை. "இரு, அப்பா பேசணுங்கிறாரு, இப்பதான் கொஞ்சம் தெளிவா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அங்கே எதையோ நகர்த்தினாள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அப்பாவின் குரல், இத்துப்போய், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல.

"அம்மாடி... மாப்ள வர்றாராம்மா?"

அவளுக்குப் பதில் தயாராக இருந்தது. யோசிக்கவே வேண்டாம், வாயைத் திறந்தால் தானாக வந்து விழும். திறக்கவும் செய்தாள். கணவர் கதவருகே நின்று, அது வந்து விழுவதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் அவளுக்கு ஒரேயடியாக அலுத்துப்போயிற்று.

"இருக்காருப்பா. பக்கத்துலதான் நிக்கிறாரு. அவர்கிட்டயே கேளுங்க."

போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். அவள் கையை இறக்கவில்லை. இன்னொரு கையிலிருந்த சொட்டுக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீருடையை நனைத்தது. நாள் பூராவும் தூக்கித் தூக்கி வேலை செய்த தோள், நீட்டிய கையின் கனத்தில் கடுக்க ஆரம்பித்தது. அவர் ஈரமே இல்லாத உள்ளங்கைகளைப் போர்வையில் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள..." என்றது போன், ரெண்டு பேருக்கும் நடுவில். "லைன்ல இருக்கீங்களா மாப்ள?"

போர்வை அவர் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.