மீதிக் கன்னம்

"அப்பா, பாதி சவரம் பண்ணும்போது கடை தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

சலூன்காரரின் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டது. அவர் கத்தியைத் துடைத்தபடியே, "மீதிக் கன்னத்தை முடிச்சிட்டுத்தான் ஓடுவேன்" என்றார். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்தப் பதிலைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை மட்டும் எங்கேயும் போகவில்லை.

தொழிலில் அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. நாற்காலியில் இருப்பவரை மறுத்துப் பேசுவதில்லை. ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எதிர்வாதம் செய்வது மரியாதையாகாது. மழை வரும் என்றாலும் "சரிங்க", வராது என்றாலும் "சரிங்க". ஊரில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பினார்கள்.

கடைக்கு மேல்தான் வீடு. அவர் மனைவிக்கு முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன. மாடிப்படியில் குழந்தையைப் போல உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். அறுவை சிகிச்சைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. டாக்டர் நாள் குறித்துவிட்டார். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, "கடவுளே, இன்னிக்கும் பாத்துக்கோ" என்பார். அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

அன்று மதியம் நாற்காலியில் நூல் சார் இருந்தார். பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நூல் இருக்கும். வேலை முடிந்ததும் அதை முகத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து, இரண்டு கிருதாவும் சமமாக இருக்கின்றனவா என்று கண்ணாடியில் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் "இடது பக்கம் ஒரு மயிரிழை இறங்கியிருக்கு" என்பார்; சலூன்காரர் நம்பாமலே "சரிங்க" என்பார். குப்பை கொட்டப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு போகும் மனிதர். துண்டைப் போர்த்தியதும் கண்ணை மூடிவிடுவார். மோவாயை விரலால் தட்டினால் முகத்தைத் திருப்புவார்.

இடது கன்னம் முடிந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் நுரை. சுண்டுவிரலால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தார்.

"காவல்துறை தலைமை அலுவலகம். உன் பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருந்திருக்கு. தெரியுமா?"

அவர் பெயரில் இதுவரை எந்தப் பார்சலும் வந்ததில்லை. ஆனால் குரலில் அதிகாரம் இருந்தது. "சரிங்க" என்றார்.

"உன் கணக்குல இருக்கிற பணத்தை எல்லாம் சோதிக்கணும். நான் சொல்ற அரசாங்கக் கணக்குக்கு உடனே மாத்திடு. சாயந்திரம் திரும்பி வந்துடும். பொண்டாட்டி உட்பட யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. போனையும் வைக்கக்கூடாது. புரியுதா?"

"சரிங்க."

"கிளம்பு."

"சரிங்க. ஒரு கன்னம் மட்டும் பாக்கி இருக்குங்க."

எதிர்முனை கொஞ்சம் தடுமாறியது. "என்ன கன்னம்?"

"வலது கன்னமுங்க."

"யோவ், விளையாடுறியா? அஞ்சு நிமிஷத்துல ஆள் வரும். உன் பொண்டாட்டியையும் சேர்த்து ஜீப்புல ஏத்துவாங்க."

ஜீப்பில் ஏற அவளுக்கு முட்டி மடங்காதே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கத்தியைக் கீழே வைத்தார். "சார், மன்னிச்சுக்குங்க, இதோ வந்துடறேன்" என்று நூல் சாரின் மூடிய கண்களிடம் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வங்கியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். தீ பிடிக்காத கடையில் ஒரு பாதி முகம் தனியாக உட்கார்ந்திருந்தது.

வங்கியில் அவருக்கு முன்னால் இரண்டே பேர். அவர் முறை வரும் நேரத்தில் வாசற்கதவு திறந்தது. கழுத்தில் துண்டு, வலது கன்னத்தில் காய்ந்துகொண்டிருக்கும் நுரை, தோளெல்லாம் முடித்தூள். நூல் சார்.

"சார், முகத்துல என்னமோ..." என்றார் காவலாளி.

"தெரியும்" என்றார் நூல் சார். கண்ணை மூடியிருந்தாலும் ஸ்பீக்கரில் வந்ததை எல்லாம் கேட்டிருந்தவர், வரிசைக்குள் வந்து சலூன்காரரின் பையிலிருந்து போனை எடுத்தார். "ஐயா வணக்கம். இந்த ஆளு என் கன்னத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டாரு. அதுவும் குற்றந்தான். நீங்க நேர்ல வந்து புடிச்சுட்டுப் போங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

நூல் சார் காத்திருக்காமல் தொடர்ந்தார்.

"பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி..."

இணைப்பு துண்டானது.

"போலீஸ்காரருக்கு விலாசம் வேண்டாமாம்" என்று நூல் சார் போனை நீட்டினார். "இதுக்கும் சரிங்கன்னு சொல்லுவியா?"

சலூன்காரர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கடவுள் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று அவர் நம்பித்தான் இருந்தார். முகத்தில் பாதி நுரையோடு ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"வாங்க சார், மீதியை முடிச்சுடறேன்."

"இப்ப உன் கவனம் கத்தியில இருக்காது. இன்னிக்கு யார் கழுத்தையும் தொடாதே." நூல் சார் துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்க, பாதி முகத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கத்தி மொண்ணை. பாதியில எழுந்து வந்துட்டேன்" என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். வங்கி, போன், பார்சல் எதையும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சலூன்காரர் ஏமாளி என்று யாரும் சிரிக்கவில்லை. சாணை பிடிக்கத் தெரியாதவர் என்று மட்டும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். மனைவிகூட, "என்னங்க, ஒரு நல்ல கத்தியா வாங்கக்கூடாதா?" என்றாள். அவர் "சரி" என்றார்.

நூல் சார் சொன்ன சொல் மாறாதவர். கோபித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டதால் கோபித்துக்கொண்டவராகவே இருந்தார். அதற்குப் பிறகு அவர் எதிர்க்கடைக்குப் போனார். அங்கிருந்து வெளியே வரும்போது அவருடைய கிருதாக்கள் ஏறுக்குமாறாக இருப்பதைச் சலூன்காரர் தன் வாசலிலிருந்து பார்ப்பார். மனசு கேட்காது. ஆனால் போய்ப் பேசினால் அந்தப் பொய் உடைந்துவிடும்.

மனைவிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஒரு மதியம் நர்ஸ் அவளை நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனபோது, அவர் தண்ணீர் பிடிக்க ஆண்கள் வார்டைத் தாண்டிப் போனார். ஜன்னலோரக் கட்டிலில் நூல் சார் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலது கை துணியைப் போலக் கிடந்தது. இடது கையால் தானே சவரம் செய்துகொள்ளப் பார்த்திருக்க வேண்டும். இடது கன்னம் கீறலும் திட்டுமாக ஒருவழியாக முடிந்திருந்தது. வலது கன்னத்தில் முள்முள்ளாகத் தாடி.

சலூன்காரர் இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்கு ஓடிப்போய்ச் சவரப் பெட்டியை எடுத்து வந்தார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டார். நுரையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் பூசினார். பிறகு, பழக்கதோஷத்தில், மோவாயை விரலால் தட்டினார்.

கண் திறக்காமலே நூல் சார் முகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கத்தியில் சத்தமே வரவில்லை. வலது கன்னம் முடிந்ததும், கீறல்களைச் சுற்றி இடது கன்னத்தையும் சீர் செய்தார். ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் கைவிட்டு நூலை எடுத்து, தூங்குகிறவர் முகத்துக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. இத்தனை வருஷமும் அவர் சொன்னது நிஜந்தான்.

அதைச் சரிசெய்து, நூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தரையில் விழுந்த முடியைத் தன் கைக்குட்டையில் கூட்டி அள்ளிக்கொண்டார். திரைச்சீலையைப் பழையபடி ஒதுக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, மனைவி நடக்கப் பழகும் வராந்தாவுக்குப் போனார்.