சாரம்மாளின் சக்கரப் பசு

1907-ஆம் வருஷம் பங்குனியில் சாரம்மாளின் மாடு, குளம்புக்குப் பதிலாக நான்கு சக்கரங்களோடு ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்திருநகரி போகும் சாலையோரம், முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த ஊர் அது. அந்த வாரம் அங்கே வாந்திபேதியில் ஆறு பேர் செத்திருந்ததால் கன்றைப் பார்க்க அதிகம் பேர் வரவில்லை. செத்தவர்களில் சாரம்மாளின் புருஷனும் ஒருவன். பிள்ளைகுட்டி கிடையாது. கொஞ்ச நாளில் தாய்மாடும் போய்விட, அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கன்றுதான்.

சக்கரங்கள் கொம்பைப் போலக் கறுத்திருந்தன. சாலையில் தேயத் தேய வளர்ந்தன. பின்னங்கால்களை அகட்டி அகட்டி உந்திக்கொண்டு அது வரும் வேகத்துக்கு மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. சாலையை விட்டு இறங்கினால் மட்டும் ஒன்றுக்கும் ஆகாது. பத்தடியில் பச்சைவயல் இருக்க, சாரம்மாள்தான் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்து தானியேல் வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, சக்கரம் சுத்துனா ரத்தக்கொழாய் முறுக்கி அந்துல்லா போவும்? பொறவு அது எப்படி உசுரோட வளருது?" என்று கேட்டார். அவள் சாணியை அள்ளிக்கொண்டே, "படுத்து அசைபோடும்போது ஒட்டிக்கிடுது, எந்திரிக்கும்போது அத்துக்கிடுது வாத்தியாரய்யா," என்றாள். வாத்தியார் மூன்று மத்தியானம் தொழுவில் உட்கார்ந்து பார்த்தார். அவள் சொன்னது சரிதான். அசைபோடும்போது காலிலிருந்து நூல்போல ஒரு நரம்பு நீண்டு சக்கரத்தில் ஒட்டியது. எழுந்து நகர்ந்ததும் அறுந்து, காலுக்கு ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

1911-இல் பசு சினையாக இருந்தபோது, கன்று நல்ல காலோடு பிறந்தால் அதை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகத் தருவதாகச் சாரம்மாள் ஆலயத்தில் பொருத்தனை பண்ணினாள். தாய்க்கு அதில் சம்மதமா என்று அவள் யோசிக்கவில்லை, பாவம். நான்கு குளம்புகளோடு காளைக்கன்று பிறந்தது. ஐப்பசியில் கார் அறுப்பு முடிந்து பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலக் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். கன்றை ஆற்றங்கரை ஊர் அப்பாத்துரை எடுத்தார். சாலை வழியே சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, நடவுக்காகச் சேறு கலக்கியிருந்த வயலின் வரப்பில் கன்றை இழுத்துக்கொண்டு போனார். கன்று கத்தியது. சாலையில் நின்ற பசு ஒருதரம் பதில் கத்திவிட்டு வயலுக்குள் பாய்ந்தது.

நான்கு சக்கரமும் சேற்றில் மறைந்துவிட்டன. எட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்தும் அசையவில்லை. சாரம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கன்னுக்குட்டியத் திருப்பிக் கொண்டாங்க அண்ணாச்சி! ஆண்டவர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்!" என்று அலறினாள். காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பது பாவம் என்று அப்பாத்துரை மனசார நம்பினார். அதனால் நடையை எட்டிப் போட்டார்.

பசு சாகவில்லை. சக்கரம் சுழலாததால் நரம்பும் அறவில்லை. ஒரு வாரத்தில் அது விரல் தடிமன் ஆயிற்று, ஒரு மாதத்தில் எலும்பாயிற்று. நடவுக்கு வந்த பெண்கள் பசுவைச் சுற்றி நட்டார்கள். உழவர்கள் அந்த இடத்தில் ஏரை வளைத்து ஓட்டப் பழகிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் சண்டை வந்தது, வாத்தியார் மாற்றலாகிப் போனார், அரிசி விலை ஏறியது. 1915-இல் அந்த வயலை அப்பாத்துரை குத்தகைக்கு எடுத்தார். அவருடைய ஏரில் பூட்டியிருந்த காளை, மற்றக் காளைகளைப் போலவே, தாயைச் சுற்றி வளைந்து போனது. பசு அதை மோந்து பார்த்தது. கத்தவில்லை. சாரம்மாள் வரப்பில் நின்று அழுதாள். பிறகு புல்லுக்கட்டை அவிழ்த்துப் பசுவுக்குப் போட்டாள், காளைக்கும் ஒரு பிடி கொடுத்தாள்.