பறப்பது திருத்தமா, புதுமையா?

அலுவலகத்தில் அவரை எல்லாரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். செல்வாக்குள்ள ஆட்களைப் பெரும்புள்ளி என்போமே, அந்தப் புள்ளி இல்லை. எண்களுக்கு நடுவில் வைக்கிற புள்ளி. அந்தச் சின்ன நிறுவனத்துக்குச் சோறு போட்டது ஒரே ஒரு செல்போன் விளையாட்டு. ஒரு தீவு, ஒரு குளம், குளம் நிறைய வாத்து. வாத்து வளர்க்கலாம், முட்டை பொறுக்கலாம், கொட்டகை கட்டலாம். அந்த விளையாட்டின் ஒவ்வொரு புதுப் பதிப்பும் எந்த வகை, அதற்கு என்ன எண் என்று முடிவு செய்வது அவருடைய வேலை. மற்றவர்களுக்கு அது வேலை. அவருக்கு அது பதவி.

வெளியே போவதற்கு முன்னால் ஒரு பதிப்பு மூன்று படி ஏறியாக வேண்டும். முதலில் அன்றாடப் பதிப்பு. அது அலுவலகத்தைத் தாண்டாது. அடுத்தது சோதனைப் பதிப்பு. அது தாமாக முன்வந்த சில ஆட்டக்காரர்களுக்குப் போகும். அவர்கள் ஒரு வாரம் விளையாடிப் பார்த்துத் திட்டி முடித்ததும் வேட்பாளர் பதிப்பு. இந்தப் பெயர்களெல்லாம் அவர் வைத்தவை. அலுவலகத்தார் முதலாவதைப் பச்சை என்றார்கள், இரண்டாவதை அரைவேக்காடு என்றார்கள். வேட்பாளரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் 'டெபாசிட் போச்சா?' என்று கேட்கிற சுகம் போய்விடும்.

வெளியான பதிப்புக்கு மூன்று எண், நடுவில் இரண்டு புள்ளி. சின்னத் திருத்தம் என்றால் கடைசி எண் ஏறும்; அது யாரையும் கேட்காமல் எல்லார் போனிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக எதையாவது சேர்த்தால் நடு எண் ஏறும், 'போடட்டுமா?' என்று ஆட்டக்காரரைக் கேட்கும். பழைய ஆட்டத்தையே அசைக்கிற மாற்றம் என்றால் முதல் எண். அப்போது அதுவரை ஆடியதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் மேலே போகும். இதை அவர் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். திறந்து பார்த்தால் பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

வாத்துக்குப் பறக்கத் தெரிந்த அன்றைக்குத்தான் வினை வந்தது.

நிரல் எழுதுகிற தாடிக்காரர் பல மாதம் மண்டையை உடைத்து வாத்தைப் பறக்க வைத்திருந்தார். திரையில் அது குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தண்ணீரில் சறுக்கி இறங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். புள்ளி மட்டும் தட்டவில்லை. அவருக்கு எண் உதைத்தது. கடைசியாக வெளியானது ஒன்று புள்ளி ஒன்பது புள்ளி பூஜ்யம். நடு எண்ணை ஏற்றினால் ஒன்று புள்ளி பத்து. அதைப் பார்க்கிறவன், கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டு, ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டார்கள் என்று நினைப்பான். முதல் எண்ணை ஏற்றலாமென்றால், இரண்டை அவர் ஆண்டு விழாவுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அன்றைக்குப் பேசவேண்டிய பேச்சைக்கூட குளியலறையில் பேசிப் பார்த்தாகிவிட்டது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"வாத்துக்கு முதல்லேர்ந்தே இறக்கை இருக்கு, இல்லையா? இத்தனை நாளா அது வேலை செய்யல. இப்ப செய்யுது. அப்ப இது புதுசு இல்ல. திருத்தம்."

சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அம்மாவை எல்லாரும் அக்கா என்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார்.

"புள்ளி சார், பழைய ஆட்டத்துல வாத்து எங்கெங்கயோ நிக்கும். தீவு ஓரத்துல நிக்கிற வாத்து பறந்தா என்ன ஆகும்னு நான் இன்னும் பாக்கல. ஒரு வாரம் அரைவேக்காட்டுல கிடக்கட்டும்."

"சின்னத் திருத்தத்துக்கு எதுக்குக்கா ஒரு வாரம்? நேரா வேட்பாளராக்கிடலாம்."

"ஆக்குங்க. கட்டுன காசு திரும்பி வராது. இப்பவே சொல்லிட்டேன்."

ஒன்று புள்ளி ஒன்பது புள்ளி ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே போனது. சின்னத் திருத்தம் ஆனதால் யாரையும் கேட்கவில்லை, எதையும் பிரதி எடுக்கவில்லை. புள்ளி நிம்மதியாகச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமனார்.

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டவர். சொந்தபந்தம் அத்தனை பேரையும் வாத்தாக்கி வைத்திருந்தார். பெரியப்பா, சின்னத்தை, மூத்த மச்சான், அண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் உறவுமுறைப்படி பேர். நேரில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளும் அவர் குளத்தில் ஒன்றாக நீந்தினார்கள்.

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு மாமா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நம்ம வாத்தெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போயிருக்காது மாமா, கொட்டகைக்குள்ள பாருங்க."

"பாத்துட்டேன். பெரியப்பா மொதல்ல கிளம்புனாரு. அவர் பின்னாடியே மொத்தக் குடும்பமும் எழுந்து கடல் பக்கம் போயிடுச்சு. ஒருத்தரும் திரும்பல. நீங்க மட்டும்தான் மிச்சம்."

"நானா?"

"உங்க பேர்லயும் ஒண்ணு வளக்குறேன்ல. மாப்பிள்ளைன்னு. வேலிக் கம்புக்கு நடுவுல மாட்டிக்கிட்டே கிடக்குமே, அது. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன், அது பெரிய குறை இல்லைன்னுட்டீங்க."

சொன்னது உண்மைதான். 'வேலியில் மாட்டும் வாத்து' என்ற புகாரை 'முக்கியமில்லாதது' என்ற வகையில் தள்ளிக் கதவைச் சாத்தியவர் இவரேதான். தன் பேரில் ஒரு வாத்து வளர்வதே இவருக்கு இப்போதுதான் தெரியும். அதுவும் முட்டையிடாமல், நீந்தாமல், வேலியில் மாட்டிக்கொண்டு. மாமனார் ஆளைச் சரியாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறார் என்று தோன்றியது.

உள்ளே வந்தால் அலுவலகமே சந்தைக்கடையாக இருந்தது. ஊர் உலகமெல்லாம் வாத்தைக் காணோம் என்று புகார். முதலாளியம்மா புகார்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தாடிக்காரர் தலையில் கை வைத்தபடி, "வாத்து அழிஞ்சிருந்தா திரும்பக் கொண்டுவர வழியில்ல. பிரதியும் எடுக்கல" என்றார். 'எடுக்கல' என்பதை இவரைப் பார்த்து ஒருமுறை சொன்னார், சுவரைப் பார்த்து ஒருமுறை சொன்னார்.

இவர் கையில் போன் இன்னும் அணையாமல் இருந்தது. "மாப்ள, இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. அக்கா அதைப் பிடுங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"ஐயா, உங்க மாப்பிள்ளை இப்ப எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறாரு?"

"வாத்தாம்மா? கடல் பக்கம். அசையாம பாத்துட்டு நிக்குது, பாவம்."

அக்கா தாடிக்காரர் பக்கம் திரும்பினார். "கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச வாத்து, கூட்டம் இருக்கிற திசையைத்தானே பாக்கும்? கூட்டமே இல்லைன்னா தன்னையே சுத்திச் சுத்தி வரும். நீங்க அப்படித்தானே எழுதுனீங்க?"

தாடிக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்த் திரையில் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். வாத்துகள் அழியவில்லை. கடலுக்கு முடிவு என்று ஒன்றை யாரும் எழுதாததால் அத்தனையும் நேராகப் பறந்துகொண்டே இருந்தன. பெரியப்பா இன்னமும் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார்.

திருப்பிக் கூட்டி வரும் வேலை சாயங்காலத்துக்குள் முடிந்தது. இந்தத் தடவை அக்கா யாரையும் கேட்கவில்லை. "மொதல்ல அரைவேக்காடு. உங்க மாமனாருக்கே போகட்டும்" என்றார். போனது. அவர் உடனே கூப்பிட்டார். குடும்பம் வந்துவிட்டது, ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் ஒருத்தர் தலைமேல் ஒருத்தராக இறங்கியிருக்கிறார்கள். மூத்த மச்சான்மேல் அண்ணி உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை. அதையும் சரிசெய்தார்கள்.

அப்புறம் முதலாளியம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். "இதுக்கு என்ன எண்?"

எல்லாரும் புள்ளியைப் பார்த்தார்கள். ஒன்று புள்ளி ஒன்பது புள்ளி இரண்டு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் மறுபடியும் பிரதி எடுக்காமல் போய் உட்காரும். எதிரில் அக்கா கண்ணாடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"ரெண்டு புள்ளி பூஜ்யம் புள்ளி பூஜ்யம்," என்றார் புள்ளி. உலகம் மெச்சப்போகிறது என்று அவர் கட்டிக் காத்த எண், ஓடிப்போன வாத்தைக் கூட்டி வந்த செலவுக்குப் போய்விட்டது.

"அப்ப ஆண்டு விழாவுக்கு?" என்றார் தாடிக்காரர்.

"கேக் வெட்டுங்க. பேச்சு வேண்டாம்."

பேச்சு இல்லை என்றதும் அறை முழுக்கக் கிளம்பிய சந்தோஷத்தை அவர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார். ஆட்டக்காரர்களுக்கான அறிவிப்பை அவரே எழுதினார்: 'உங்கள் வாத்துகள் திரும்பிவிட்டன. பறப்பதைச் சின்னத் திருத்தம் என்று முடிவு செய்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்.' அக்கா படித்துப் பார்த்து, 'சின்ன' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு அனுப்பினார்.

ராத்திரி வீட்டுக்குப் போனால் மனைவி கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கூப்பிட்டாரு. உங்க ஆபீஸ்ல அவரைச் சோதனை ஆளாச் சேத்துக்கிட்டாங்களாம். ஒரு அக்கா கேட்டாங்களாம், இவர் உடனே சரின்னுட்டாராம். இனிமே வர்ற எல்லாக் குறையும் நேரா உங்களுக்குத்தான் வருமாம்."

"எனக்கா?"

"வகை பிரிக்கிறது நீங்கதானேங்க?"

செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் புகார் வந்துவிட்டது. 'மாப்ள, கொட்டகைக்குக் கூரை போட்டும் உள்ளே மழை பெய்கிறது. சின்னத்தைக்கு ஏற்கெனவே சளி.' புள்ளி வாசலிலேயே நின்று அதை இரண்டு தடவை படித்தார். 'முக்கியமில்லாதது' என்ற இடத்துக்கு விரல் பழக்கதோஷத்தில் போனது. அப்புறம் 'அவசரம்' என்று குறித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய், "அப்பாவுக்கு ஒரு போன் போடு, சின்னத்தைக்கு எப்படியிருக்குன்னு கேக்கணும்" என்றார்.