சுவரோரம் மரச்சீவல்

அடி அண்ணாமலையிலிருந்து வல்லரசு தன் மினி லாரியில் தென்னை நார், வேர்க்கடலைத் தோல், மரச்சீவல் என்று மூன்று சாக்குகளை மாதிரிக்குக் கொண்டுவந்து கனகலதாவின் வேங்கிக்கால் வீட்டு வாசலில் இறக்கினான். எது வேண்டும் என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு அளைந்தாள், விலை கேட்டாள், முகத்தைச் சுளித்தாள். தோட்டத்து மண் காயாமல் இருக்க மூடாக்குப் போடுகிற சாதாரணப் பெண்பிள்ளையாகத்தானே அவள் தெரிய வேண்டும்?

“தென்னை நாரு நல்லா ஈரம் புடிக்கும்மா, வெலதான் ஜாஸ்தி. மல்லாட்டைத் தோலு கம்மி, ஆனா எலி வரும். மரச்சீவல் மில்லுல சும்மாவே குடுக்கறாங்க, வண்டி வாடகை குடுத்தா போதும். ஆனா இந்தப் புழுக்கத்துல செவுத்தோரம் கொட்டினா கரையான் வந்துடும்” என்றான் வல்லரசு.

“நெஜமா வருமா?”

“வராம எங்க போவுது?”

“சரி, செடிங்களுக்கு நாரு போடு. அந்தச் செவுத்தோரம் மட்டும் சீவல் போதும். எல்லாத்துக்கும் நாரு வாங்க எனக்குக் கட்டுப்படியாவாது” என்றாள். சொன்னது பொய்யில்லை. பட்ஜெட்டில் செடிகளுக்குப் போனதுதான் பெரும்பங்கு. பழிவாங்குகிற செலவு வண்டி வாடகையோடு முடிந்தது.

அந்தச் சுவரை ஒட்டி அப்பால் சக்கரபாணி வீடு. கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மாடியில் இரண்டு அறை கட்டி, சுவர் முழுக்கத் தேக்குப் பலகை அடித்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். தெரிந்ததோ கனகலதாவின் மாமரம். வெட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார், அவள் மாட்டேன் என்றாள். சித்திரையில் அவளும் கணவர் தரணேந்திரனும் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினார்கள். அதற்குப் பின்தான் மரம் பச்சை இலையாகக் கொட்டத் தொடங்கியது. ஆனியில் ஒற்றை இலை இல்லை. அடிமரத்தில், சக்கரபாணி வீட்டைப் பார்த்த பக்கமாக, விரல் நுழைகிற ஓட்டை ஒன்று களிமண் அடைத்துக் கிடந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தாள். வெங்காயம், பூண்டு சேராத சமண வீட்டில் சமைக்கிறவளுக்குப் பெருங்காய வாசம் தெரியாமல் போகுமா? மரத்தைச் சாகடிக்கத் துளை போட்டுப் பெருங்காயம் வைப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மறுமாதமே பக்கத்து வீட்டில் ‘மலை தெரியும் அறைகள்’ என்று போர்டு தொங்கியது.

“பாத்தவங்க யாரு? விட்டுடு லதா” என்றார் தரணேந்திரன். விட்டதோடு நின்றாரா மனிதர்? பத்து நாள் நோன்பு முடிந்து மன்னிப்புக் கேட்கிற நாள் வந்ததும் சக்கரபாணி வாசலில் போய்க் கைகூப்பி நின்றார். இத்தனை வருஷம் எங்கள் மரத்து இலை உங்கள் வாசலில் விழுந்தது, மன்னிக்கணும் என்றார். “பரவால்ல சார், போவட்டும்” என்று சக்கரபாணி பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார். அதைக் கேட்ட கனகலதா அன்று நோன்பு முடிக்கிற பாரணைச் சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டாள். மரம் போனது ஒரு வயிற்றெரிச்சல் என்றால், மரத்தைக் கொன்றவன் மன்னித்தது அதற்கு மேல்.

அவள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவள். எறும்புச் சாரியைக் கண்டால் நின்று, சுற்றிப் போகிறவள். ஒரு உயிருக்கும் கெடுதல் செய்ய மாட்டாள். ஆனால் பசித்த உயிருக்குத் தீனி போடுவது எந்தக் கணக்கில் பாவம்? தினமும் காலையில் சீவலுக்குத் தன் கையாலேயே தண்ணீர் தெளித்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சுவரில் மண்கோடு ஒன்று ஏறியது. பிறகு இன்னொன்று. மல்லிகை முதல் மொட்டு விட்டபோதுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஏறு, ஏறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது சக்கரபாணி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“மேல் ரூமு பலகை பூரா கரையான் மேடம். தட்டினா பொத்துனு உள்ள போவுது.”

“அடடா” என்றாள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

“நாளைக்கு மருந்தடிக்க ஆளு வர்றான். செவுத்துக்கு உங்க பக்கமும் ஓட்டை போட்டு மருந்து எறக்கினா, கூட்டத்தோட ஒழிஞ்சிடுமாம். நீங்க நயினாரு வூடு, ஜைனருங்க, எறும்பக்கூட அடிக்க மாட்டீங்க. கேக்காம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்.”

மரத்துக்குக் கேட்காத ஆள் கரையானுக்குக் கேட்க வந்திருக்கிறார். கனகலதாவுக்கு அது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ‘கூட்டத்தோட’ என்ற சொல் அதற்குள் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. அந்தக் கூட்டத்தை வரவழைத்தது யார்? விருந்துக்குக் கூப்பிட்டு விஷத்துக்குக் காட்டிக்கொடுப்பதா? மருந்தை அவர் ஊற்றினாலும் அத்தனை உயிரின் வினையும் தன் தலையில்தான் வந்து விடியும். பாவி, பழிவாங்குகிற சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடமாட்டேன் என்கிறானே!

“மருந்து வேணாம் சார். சீவல் நான் கொட்டினதுதான். காலைல கரையானோட பதமா அள்ளிடுறேன், ஈரம் இல்லேன்னா மேல இருக்கறதும் போயிடும்.”

சக்கரபாணியின் முகம் தெளிந்தது. “அதுவும் நல்லதுதான். மருந்து நாத்தம் ஒரு வாரம் போவாதாம். தீபத்துக்கு ரெண்டு ரூமும் குடுத்துட்டேன். நானும் வந்து ஒரு கை புடிக்கறேன்.”

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. “வாங்க” என்றாள், ரொம்பப் பிரியமாக.

காலையில் அவர் லுங்கியை மடித்துக்கட்டி வந்து நின்றார். கனகலதா கொட்டாங்கச்சியால் சீவலோடு கரையானையும் நோகாமல் அள்ளி முறத்தில் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். தரணேந்திரன் பூந்துடைப்பத்தால் சுவர்க் கோடுகளை மெல்ல நீவிக்கொண்டிருந்தார்.

“எங்க கொட்டணும் மேடம்?”

“கொட்டக்கூடாது. வாங்க, காட்டறேன்.”

முன்னால் நடந்து மாமரத்தடியில் நின்றாள். கிளைகளைக் கழித்தபோதும் அடிமரத்தை மட்டும் அவள் வெட்ட விடவில்லை. “அதோ, அந்த ஓட்டைகிட்ட வைங்க. தானா உள்ள போயிடும்” என்றாள்.

சக்கரபாணி குந்தினார். அத்தனை மழைக்குப் பிறகும் ஓட்டையில் பெருங்காய வாசம் மிச்சமிருந்தது. அவர் ஓட்டையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கவே இல்லை. முறத்தை ஓட்டைப் பக்கம் நீட்டினார். விளிம்பைத் தாண்டிக் கரையான்கள் அவர் மணிக்கட்டில் ஏறி, முழங்கையை நோக்கி வரிசை பிடித்தன. அவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார்.

“உதறாதீங்க சார்” என்றாள் கனகலதா. “அதுவா எறங்கட்டும்.”

அவர் உதறவில்லை. முறத்தை நீட்டியபடி அப்படியே குந்தியிருந்தார். மொட்டை மரத்துக்குப் பின்னால், இலை மறைப்பு எதுவும் இல்லாமல், மலை முழுசாகத் தெரிந்தது.