மூன்றாவது கட்டி

இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் மார்லிஸ் குண்டர்சன் ஒரு நோயாளியோடும் முகம் பார்த்துப் பேசியதில்லை. டுலூத் நகரத்தில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பாய்லர் அறையை ஒட்டினாற்போல் அவளுடைய மேஜை. மேலே டாக்டர்கள் ஸ்கேன் எடுத்து அறிக்கை எழுதுவார்கள். அதைப் படித்து, செய்த வேலைக்கு உரிய ஐந்து இலக்க எண்ணைப் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. எண் தப்பினால் மறுப்புக் கடிதம் வரும். மார்லிஸுக்கு அப்படி வருவது அபூர்வம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த அறையின் கதவை யாரோ தட்டினார்கள். அங்கே வருகிறவர்கள் யாரும் கதவைத் தட்டுவதில்லை என்பதால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அறுபது வயசு மதிக்கத்தக்க ஆஜானுபாகுவான ஒருவர், கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். பெயர் ரெய்னோ கெட்டுனென், துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் கிரேன் ஓட்டுகிறேன் என்றார்.

"பில் போடுறவங்க நீங்கதானே? நாலு பேர்கிட்ட வழி கேட்டு வந்து சேர்ந்தேன். ஒரே ஒரு சந்தேகம்மா. இன்சூரன்ஸ்காரன் ரெண்டு கட்டிக்கு ஒத்துக்கிட்டான். மூணாவதுக்கு முடியாதுங்கறான். அந்த மூணாவதுக்கு நான் என்ன செய்யணும்?"

நீட்டிய கடிதத்தை மார்லிஸ் வாங்கிப் பார்த்தாள். கல்லீரல் விறைப்பு ஸ்கேன், முதல் கட்டி. அடுத்த வரியில் கூடுதல் கட்டி. அதற்கும் கீழே இன்னொரு கூடுதல் கட்டி, அனுமதி இல்லை. நாற்காலியில் இருந்த கோப்புகளை அள்ளித் தரையில் வைத்து அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அவருடைய அறிக்கையைத் திறந்தாள்.

டாக்டர் ஹாகன் நாலே வரி எழுதியிருந்தார். கல்லீரலின் விறைப்பு மூன்று இடங்களில் அளக்கப்பட்டது என்பது முதல் வரி. கொழுப்பு கொஞ்சம் கூடுதல், விறைப்பு கவலைப்படும்படி இல்லை என்று அடுத்த இரண்டும். கட்டி எதுவும் தென்படவில்லை என்பது கடைசி வரி. அவள் அவசரமாகத் தான் அனுப்பிய கணக்கைத் திறந்தாள்.

ஈரலை எத்தனை இடத்தில் அளந்தாலும் முழு உறுப்புக்கும் ஒரே எண்தான். உள்ளே கட்டி இருந்து அதை அளந்தால்தான் கட்டிக்குக் கட்டி தனி எண். பனிப்புயல் வருகிறதென்று எல்லோரும் சீக்கிரம் கிளம்பிய ஒரு வெள்ளிக்கிழமை, முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, மூன்று இடங்களை மூன்று கட்டிகளாக்கியிருந்தாள் மார்லிஸ். கணக்கின் அடியில் அவளுடைய முதலெழுத்துகள் இருந்தன.

உடனே சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் நோய் உண்டு, இல்லை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவள் சொல்லக்கூடாது. கடிதம் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டாள். பதினோரு நாள் ஆச்சு என்றார். டாக்டரிடம் கேட்கவில்லையா என்றாள்.

"நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுதான் லெட்டர்ல போட்டுட்டார்னு நினைச்சேன். பாவம், சின்ன வயசு டாக்டர். அவரை எதுக்கு அழ வைக்கணும்?"

இந்தப் பதினோரு நாளில் செய்ததையெல்லாம் அவராகவே சொல்லிக்கொண்டு போனார். படகு எஞ்சின் ஒன்றுக்காகச் சண்டை போட்டு ஆறு வருஷமாகப் பேசாதிருந்த தம்பி எய்னோவைத் தேடிப்போய், உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக்கப் போடும் தன் மரக்குடிலை, உள்ளே இருந்த அடுப்போடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். வேலையிடத்தில் மேஸ்திரியைப் பற்றி இத்தனை காலம் மனசில் வைத்திருந்ததை மேஸ்திரியிடமே சொன்னார். நீ சொல்றது நியாயம்தான் என்று அந்த ஆளும் ஒத்துக்கொண்டுவிட்டாராம். பிறகு, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி விற்கும் கடைக்குப் போய், கல்லாவில் இருந்த பெர்னடெட்டிடம் கடிதத்தைக் காட்டி, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் இங்கேயே இருங்க. எழுந்து போயிடாதீங்க," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறினாள். இருட்டறையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹாகன், மூச்சிரைக்க வந்து நிற்கும் இந்த அம்மாள் யார் என்று விழித்தார். சில வருஷமாக மின்னஞ்சலில் பேசிக்கொள்கிறவர்கள், நேரில் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு அவளோடு இறங்கி வந்தார்.

அவர் ரெய்னோவின் எதிரே ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஈரலில் கொழுப்பு இருக்கிறது, வெண்ணெயையும் பீரையும் குறைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அவ்வளவுதான்.

ரெய்னோ கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்போ அந்த மூணாவது கட்டி இல்லையா?"

"முதலாவதே இல்லைங்க," என்றார் டாக்டர்.

"தப்பு என்னோடது," என்றாள் மார்லிஸ். "டாக்டர் சரியாத்தான் எழுதியிருந்தார். நான்தான் கடைசி வரைக்கும் படிக்காம எண்ணைப் போட்டுட்டேன். பதினோரு நாள் உங்களைச் சாக வெச்சுட்டேன், மன்னிச்சிடுங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். அவரோ தொப்பியை மடியில் விரித்துத் தடவிக்கொண்டே, எய்னோ அந்தக் குடிலைத் திருப்பித் தரமாட்டான், எனக்கு அவனைத் தெரியும் என்றார். பிறகு திடீரென்று அவர் முகம் சுருங்கியது. பெர்னடெட் வெளியே வண்டியில் காத்திருக்கிறாள். சாகப்போகிறவன் என்று இரக்கப்பட்டுத்தான் சரி சொல்லியிருப்பாள், இனி என்ன சொல்வாளோ. "நீங்க வந்து சொல்லிடுங்கம்மா. எனக்கு வாய் வராது."

தப்புச் செய்தவள் எப்படி மாட்டேன் என்பாள்? கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் நிரப்பிக்கொண்டிருந்த பெர்னடெட் கண்ணாடியை இறக்கினாள். மார்லிஸ் ஒன்று விடாமல் சொன்னாள். ரெய்னோ இரண்டடி தள்ளி நின்று, ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிகளைப் பார்த்தார்.

பெர்னடெட் பேனாவை மூடி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ரெய்னோவைப் பார்த்து, "யோவ், இங்க வா," என்றாள். "உன்மேல இரக்கம் வந்திருந்தா நாலு பாஸ்டி சும்மா கட்டிக் குடுத்திருப்பேன். அதுக்காக யாராவது கல்யாணம் பண்ணிப்பாங்களா? ஒம்பது வருஷமா வியாழக்கிழமை தவறாம வந்து ரெண்டு வாங்கிட்டுப் போற. தனியாளுக்கு எதுக்குடா ரெண்டுன்னு நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். வாயைத் திறக்க உனக்கு மூணு கட்டி வேண்டியிருந்திருக்கு."

ரெய்னோவின் காது சிவந்துவிட்டது. குளிரில்தான் என்று சொல்லிக்கொண்டே வண்டியின் கதவைத் திறந்தார்.

மார்லிஸ் கீழே போய்ச் சரியான எண்ணைப் போட்டுக் கணக்கைத் திருத்தி அனுப்பினாள். பிறகு மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இருவரும் அந்தக் குளிர்காலத்து ஸ்கேன்களை ஒவ்வொன்றாகத் துருவியபோது இதே தப்பு இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது தெரிந்தது. டாக்டர் அன்றைக்கே அந்த இரண்டு நோயாளிகளுக்கும் போன் செய்தார். ஒருவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. இன்னொருத்தி குப்பையில் போட்டிருந்தாள். அந்த வாரத்திலிருந்து ஹாகன், கட்டி இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதத் தொடங்கினார்.

மே மாதம் லூத்தரன் தேவாலயத்தில் கல்யாணம். அழைப்பிதழ் ஆஸ்பத்திரி முகவரிக்கே வந்தது. போக மார்லிஸுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனாள். அவளை யாருக்கு அறிமுகப்படுத்தும்போதும் பெர்னடெட், "இவங்கதான் எங்க கல்யாணத் தரகர்," என்றாள். மணப்பெண் சுட்ட கேக்கில் வெண்ணெய் பாதிதான் என்று ரெய்னோ மேஜைக்கு மேஜை முறையிட்டுக்கொண்டிருந்தார். அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்ததும், அண்ணனைவிட ஒரு சாண் உயரமான எய்னோ வந்து மார்லிஸிடம் கையை நீட்டினான். ஆடி எத்தனையோ வருஷமாச்சு, மறந்துபோச்சு என்றாள். நான் மட்டும் என்ன, கால்தானே, அதுவே பார்த்துக்கும் என்றான் அவன். மூன்று பாட்டுக்கு ஆடினார்கள்.